சிவப்புப் பெட்டி மண்

கலைமதி மண்ணைக்கூடத் துடைத்து வைக்கிறவள். சிரிக்காதீர்கள், கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன். ஒரகடத்தில் போன் தயாரிக்கும் கம்பெனியில், பாகம் பூட்டும் லைனில் நின்றே வயதைக் கழித்தவள். மணிக்கட்டு போய், ஸ்குரூ முடுக்க முடியாமல் ஆனதும், கம்பெனியின் மதில் ஓரத்து மரக்கன்றுப் பண்ணைக்கு, என்னிடம் அனுப்பினார்கள். மழைக்கு முன் கன்றுகள் தேறினால் அவளுக்கு இங்கேயே வேலை. தேறாவிட்டால் பண்ணையை மூடிவிடுவார்கள், அவள் மறுபடி லைனுக்குப் போகவேண்டும். அந்தக் கையை வைத்துக்கொண்டு லைனில் என்ன செய்வாள்?

வந்த அன்றே ஒரு சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். லைனில் பழுதான பொருளைப் போடும் பெட்டி அது. ஏரிக்கரையில் புங்கன், நாவல், ஆலமரத்தடிகளில் நான் வாரிவந்திருந்த மண்ணில் வெள்ளையாக நூல் ஓடியிருந்தது.

"இன்னா சூசையக்கா, பூசணம் புடிச்சிக்கீது? இது ரிஜெக்ட்" என்று மொத்தத்தையும் அந்தப் பெட்டியில் கொட்டினாள். செம்மண்ணைச் சலித்து, டிரம்மில் வேகவைத்து, ஆறியபின்தான் கன்றுப் பைகளில் நிரப்பி விதை ஊன்றினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

கன்றுகள் முளைத்தன, அதோடு நின்றுவிட்டன. இலையெல்லாம் ஊதா பூத்தது. தண்ணீர், எரு எதற்கும் அசையவில்லை. பண்ணைக்கு யோசனை சொல்ல வாலாஜாபாத்திலிருந்து வரும் ராஜசேகர் சார், வேரோடு சேர்ந்து வாழும் பூசணம் என்று ஒரு தூள் பாக்கெட் கொடுத்தார். அதைப் போட்டதில் வேம்பு மட்டும் தலைதூக்கியது. புங்கனும் நாவலும் போட்டது போட்டபடி நின்றன.

"பூசணம்னு நான் தூக்கிப் போட்டேன். இவரு அதையே பாக்கெட்ல குடுக்கறாரு. அதுவும் பாதிக்குத்தான் வேலை செய்யுது. எனக்கு தலையும் புரியல காலும் புரியலக்கா."

எனக்கு மட்டும் என்ன புரிந்தது?

கோணலாக முளைத்த கன்றுகளையும் அவள் அந்தச் சிவப்புப் பெட்டியில்தான் வீசிவந்தாள். ஒருநாள் அதைக் குப்பையில் கொட்டப் போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வீசிய வேம்பும் புங்கனும் நாவலும் அதற்குள் வேர்விட்டு, கரும்பச்சையாய் முழங்கால் உயரம் நின்றன.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினோம். "பாக்கெட்ல இருக்கறது ஒரே வகைம்மா. இந்த மண்ணுல பல வகை இருக்கு. ஒண்ணு மணிச்சத்த, அதான் பாஸ்பரஸ, இழுத்துக் குடுக்கும், ஒண்ணு தண்ணி தேடும். ஒரு மரத்துக்கு ஒத்துக்கறது இன்னொண்ணுக்கு ஒத்துக்காது. இதுல எது எந்த வேலைய செய்யுதுன்னு கேட்டா எனக்கும் தெரியாது" என்றார்.

லைன் பழக்கத்தில் எப்போதும் போட்டிருந்த கையுறையைக் கலைமதி கழற்றினாள். பெட்டி மண்ணில் கன்றுக்கொரு பிடி என்று எல்லாப் பைகளிலும் போட்டாள். மழைக்கு முன் கன்றுகள் தேறின. நாவல் கொஞ்சம் பின்தங்கியது, ஏனென்று இன்றுவரை தெரியாது. அவளுக்கு வேலை நிலைத்தது.

சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், வெறும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விழித்தாள்.

"லைன்ல நான் இதுல போட்டதெல்லாம் நெஜமாவே ரிஜெக்ட்தானாக்கா?"

"போன் வேற, மண்ணு வேற. போவியா."

அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"என்னையும் இதுலதானே போட்டாங்க."

பெட்டியை அவள் மடியிலிருந்து பிடுங்கிக் கீழே வைத்தேன். "நாவலுக்குத் தண்ணி ஊத்துடி, போ" என்று அதட்டினேன்.