மாட்டுப்பாட்டிக்கு மாடென்றால் பயம்

மாட்டுப்பாட்டி என்பது பேரப்பிள்ளைகள் வைத்த பெயர். அதுவே போகப்போக ஊருக்கெல்லாம் பழகிவிட்டது. யார் வீட்டு மாடு முரண்டு பிடித்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிட ஓடுவார்கள். அவளும் போவாள். இடுப்பில் கையை வைத்து மாட்டின் எதிரே நின்று, "என்னடி திமிரு? யாருகிட்ட காட்டுற உன் வேலையை?" என்று ஒரு அதட்டல் போடுவாள். மாடு அடங்கிப்போகும். வேடிக்கை பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த நேரத்தில் அவளுடைய முழங்கால்கள் வெடவெடவென்று ஆடுவதை மட்டும் ஒருத்தரும் பார்த்ததில்லை. புடவை மறைத்துவிடும்.

சிரிக்காதீர்கள். அவளுக்கு மாடென்றால் பயம். நேற்று இன்று வந்த பயமில்லை, கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இருக்கிற பயம்.

அவள் டவுன்காரி. தையற்காரர் மகள். ஊசியும் நூலும் தவிர வேறெதுவும் கையில் பிடித்ததில்லை. பண்ணை வீட்டுக்கு மருமகளாக வந்த மறுநாளே மாமியார் பால்வாளியைக் கையில் கொடுத்துவிட்டாள். அந்த வீட்டில் அப்படித்தான். மருமகள் வந்துவிட்டால் கறவை அவள் கைக்குப் போய்விடும், அதற்கப்புறம் மாமியார் தொழுவத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். புதுப்பெண் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மாடு திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தது, அப்புறம் விட்டது ஒரு உதை. வாளி ஒரு பக்கம், முக்காலி ஒரு பக்கம், இவள் சாணியில். மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில்தான் வந்தது வினை. தையற்காரர் பெண்ணைப் பயந்தாங்கொள்ளியாகத்தான் வளர்த்திருக்கிறார் என்று நாலு பேர் சொல்லிவிட்டால் அப்பா முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்? பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து மறுபடியும் உட்கார்ந்தாள். பயம் தெரியாமலிருக்க வாய் ஓயாமல் பேசினாள். வானம் பார்த்தாயா, உன் கன்று என்ன அழகு, நேற்று என்ன கனவு கண்டேன் தெரியுமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். பேச்சு கேட்டதும் மாட்டுக்கு என்ன தோன்றியதோ, பால் சர்சர்ரென்று இறங்கியது. அவ்வளவுதான், மாட்டோடு பேசுகிற மருமகள் என்று பேராகிவிட்டது. பயத்தில் உளறினதைப் பாசமென்று எழுதி ஒட்டிவிட்டார்கள்!

மாமியார் கடைசியாகப் படுத்தபோதும் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மாடுங்களை உன்கிட்ட விட்டுட்டுப் போறேன்மா. அதுங்கதானே உனக்கு உசுரு" என்றாள். சாகக் கிடக்கிறவளிடம் இல்லையென்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினாள்.

அப்படியே காலம் ஓடியது. மூத்தவனைச் சுமந்தபோது அவளுக்கு இடுப்புவலி கண்டது கறவை முக்காலியில்தான். பாதி மடியை விட்டுவிட்டு எழுந்தால் மாடு கோபித்துக்கொள்ளுமே என்ற பயத்தில், கறந்து முடித்துவிட்டுத்தான் மருத்துவச்சியைக் கூப்பிட அனுப்பினாள். மகள் கல்யாணத்தன்று பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொழுவத்துக்கு ஓடினாள். அந்த மகளுக்குக் குழந்தைகள் பிறந்து, அவர்களும் வளர்ந்தாயிற்று. ஆனால் மகள் வீட்டில் அவள் ஒரு ராத்திரி தங்கினதில்லை. காலையில் போவாள், சாயங்காலக் கறவைக்குத் திரும்பிவிடுவாள்.

"உனக்கு என்னைவிட மாடுதான்மா பெருசு" என்று மகள் ஒருமுறை சொல்லிவிட்டாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். பாட்டிக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. கண் மூடுவதற்குள் மகள் வீட்டில் நாலு நாள் தங்க வேண்டும், பயமில்லாமல் ஒரு காலைப்பொழுது விடிய வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

புருஷனிடம் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வாள்? அந்த மனுஷன் தினமும் அவளோடு சேர்ந்து எழுந்து, தண்ணீர் சுமந்து, வைக்கோல் உதறிப் போட்டு, சாணி அள்ளிவிட்டு, தொழுவத்து வாசலில் சாய்ந்து நின்று கறவையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். எல்லாம் அவர் தாத்தா காலத்து மாட்டு வர்க்கம். கறுப்புப் பசு செத்தபோது ரெண்டு நாள் சோறே தொடவில்லை. இவருக்கு மாடென்றால் உயிர், நாம் எதையாவது சொல்லி மனசை உடைத்துவிடக் கூடாது என்று பாட்டி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

தொழுவம் வருஷத்துக்கு வருஷம் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசி மாடும் கிழடாகிப் பால் வற்றிப்போக, அடுத்த வீட்டு டிராக்டர்காரன் தன் மந்தையோடு அதுவும் மேயட்டுமென்று ஓட்டிக்கொண்டு போனான். பாட்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாளே கடைத்தெருவுக்குப் போய்ப் பெரிய பயணப்பை ஒன்று வாங்கினாள். மகள் வீட்டுக்கு எதை எதை எடுத்துப்போவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள்.

வந்து பார்த்தால், தொழுவத்தில் இளங்கன்றோடு ஒரு புது மாடு! பக்கத்தில் புருஷன், காது வரைக்கும் சிரிப்போடு.

"மாடில்லாம நீ ஏங்கிப் போயிடுவியேன்னுதான்" என்றார். "எப்படி, நல்லா இருக்கா?"

பாட்டி பையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து, "பாரேன், ஆனந்தக் கண்ணீர்!" என்று அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது!

மறுநாள் விடியும் முன்னே கறவை. புது மாடு, புது இடம். கண்ணை உருட்டியது. பாட்டி வாளியோடு கிட்டே போகப் பயந்து நின்றாள். கன்றைப் பிடித்துக் கட்டக் குனிந்தார் கிழவர். விழுந்தது உதை. அவர் போய்ச் சாணிக் குவியலில் உட்கார்ந்தார்.

"சனியன் பிடிச்ச ஜென்மமே!" என்று கத்தினார். "உன் இனத்துக்குச் சாணி அள்ளியே என் இடுப்பு போச்சு! எல்லாம் இவளுக்காகத்தானே பொறுத்துக்கிட்டுக் கிடக்கேன்!"

பாட்டி வாளியைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையா? திருப்பிச் சொல்லுங்க."

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு மாடு பிடிக்காது. சின்ன வயசுலேர்ந்தே இந்த வாடை எனக்கு ஆகாது. உனக்கு உசுராச்சேன்னு..."

"எனக்கா? எனக்கு மாடுன்னாலே பயம்!"

"யாருக்கு?"

"எனக்குத்தான்! தினம் காலையில செத்துச் செத்துப் பிழைக்கிறேன்!"

"அப்ப அதுங்ககிட்ட ஓயாமப் பேசினது?"

"பயத்துல பேசினது! அதை விடுங்க. கறுப்பி செத்தப்ப நீங்க ரெண்டு நாள் சாப்பிடலையே?"

"கடைவாய்ப் பல்லு வலி. நீ அழுதுட்டிருந்தே, அந்த நேரத்துல என் பல்லைப் பத்தியா பேசறது?"

"ஐயோ, ஒண்ணு குறைஞ்சுதேன்னு சந்தோஷத்துல அழுதேன்யா! ஒரு ஆயுசே போச்சே, உங்க வாயில என்ன பூட்டா தொங்குச்சு?" அடிக்கவே போய்விட்டாள். அப்புறம்தான் ஒன்று நினைவுக்கு வந்து நின்றாள். "பிடிக்காதவரு எதுக்குத் தினமும் வாசல்ல நின்னு சிரிச்சுட்டே பாத்தீங்க?"

"நான் மாட்டையா பாத்தேன்?" என்றார் கிழவர்.

இந்த வயதில் பாட்டிக்கு வெட்கமா வரும்? வந்தது. அப்படியே அவர் பக்கத்தில், அந்தச் சாணியிலேயே, உட்கார்ந்துவிட்டாள். முதலில் யார் சிரித்தார்களோ தெரியாது. சிரித்து முடிக்கும்போது ரெண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். நெஞ்சுக்குள் எத்தனையோ வருஷமாக அழுத்திக்கொண்டிருந்த பாறாங்கல் இறங்கிப்போனது போலிருந்தது அவளுக்கு.

மத்தியானமே டிராக்டர்காரன் வந்து மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு போனான். பயணப்பையில் துணிமணி அடுக்கியாயிற்று. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மகள் வீட்டுக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. பாட்டியே போனில் மகளிடம், "பத்து நாள் இருப்போம். எங்களைத் துரத்தாம வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டாள். மகள் நம்பவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு அவரிடமும் ஒருமுறை கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் இருட்டு பிரியும் முன்னே கணீரென்று ஒரு மாட்டுச் சத்தம். கிழவர் பழக்கதோஷத்தில் பதறிப்போய் எழுந்து செருப்பைத் தேடி மாட்டினார்.

"ஏய், எழுந்திரு! மாடு கத்துது!"

பாட்டி கண்ணைத் திறக்கவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"கத்தட்டும். அது டிராக்டர்காரன் வீட்டு மாடு. படுங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

அவர்கள் விழித்தபோது வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது. முதல் பஸ் எப்போதோ போயிருந்தது.