அடுப்பு கேஸில் ஓடிய வேன்

இல்லவே இல்லை, நாகஜோதி எவனோடும் ஓடிப்போகவில்லை. அவள் அலங்காநல்லூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள், சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். கரண்டு வேன் விற்கிற பையன் இரண்டு தடவை ஆனையூரில் அவள் வீட்டுக்கு வந்து வண்டியை ஓட்டிக் காட்டினான். அவ்வளவுதான் நடந்தது. அதற்குக் கண்ணும் காதும் மூக்கும் வைத்தது யார்? எதிர்வீட்டுத் தங்கப்பொண்ணு. தன் வீட்டு சிலிண்டரை நாகஜோதியின் புருஷனுக்குக் கூடுதல் விலைக்குத் தள்ளிவிட்ட அதே தங்கப்பொண்ணு. அந்த வாய் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினால் கேட்கிறவர்களுக்குக் குமட்டாதா?

நாகஜோதி எட்டு வருஷமாக ஸ்கூல் வேன் ஓட்டியவள். ஒன்பது பிள்ளைகளைக் காலையில் கே.கே. நகர் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டி வருவாள். எது ஜன்னலோரம் கேட்டு அழும், எது இட்லியைச் சீட்டுக்கு அடியில் ஒளிக்கும் என்பதெல்லாம் பெற்றவர்களை விட அவளுக்குத்தான் தெரியும்.

வண்டி புருஷன் மொக்கைச்சாமியின் பெயரில் இருந்தது. பெட்ரோல் விலை கட்டுபடியாகவில்லை என்று கேஸ் டேங்க் மாட்டினான். அதில் தப்பில்லை. வண்டிக்கென்று கேஸ் போடுகிற பங்க் இருக்கிறது, அங்கே போக அவனுக்கு உடம்பு வணங்கவில்லை. சமையற்கட்டில் சிவப்பு சிலிண்டரைத் தலைகீழாக நிறுத்தி, மோட்டாரை மாட்டி, ஜன்னல் வழியாகக் குழாய் விட்டு வண்டிக்கு ஏற்றினான். ஏற்றி முடிகிறவரை அவள் அடுப்பைப் பற்றவைக்க முடியாது. தலைமுடியில் அந்த நாற்றம், துவைத்த சேலையில் அந்த நாற்றம். சோற்றைப் பிசைந்தாலும் அந்த நாற்றம்.

"கரண்டு வண்டி வாங்குவோங்க. பகல் பூராம் வண்டி சும்மாத்தான நிக்கிது, சார்ஜ் ஏறிட்டுப் போகுது" என்றாள்.

"கரண்டு வண்டி தீப்பிடிக்குதாம்டி. செல்லுல பாக்கல?"

"அடுப்பு கேஸை ஊத்திக்கிட்டு நீங்க தீயப் பத்திப் பேசுறீகளாக்கும்! சரி, கரண்டு வேணாம். பெட்ரோலு போடுங்க. பங்க்குல போயி கேஸ் போடுங்க. இந்தக் கருமம் மட்டும் வேணாம்."

"அம்புட்டு தூரம் போயி வரிசையில எவன் நிக்கிறது? ஊருல எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறாய்ங்க."

ஒரு திங்கட்கிழமை, பாதி வழியில், ஒன்றாம் வகுப்பு ருமானா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "அக்கா, வேனுக்குள்ள யாரு அடுப்ப அணைக்காம விட்டது?"

எந்நேரமும் அதே நாற்றத்தில் கிடந்ததால் நாகஜோதியின் மூக்கு மரத்துப்போயிருந்தது. வண்டியை ஓரங்கட்டி, சாவியைப் பிடுங்கி, பிள்ளைகளை வாரி இறக்கினாள். கையோடு கை கோத்துப் பள்ளிக்கூடம் வரை நடத்திக் கூட்டிப் போனாள்.

சாயங்காலம் ருமானாவின் அம்மா சமீனா கேட்டாள். "என்னக்கா, நடந்தே போனீகளாமே?"

"டயர் பஞ்சரும்மா" என்று சொல்லிவிட்டாள் நாகஜோதி. சொன்ன மாத்திரத்தில், சிலிண்டர் நாற்றத்தை விட மோசமாக அவள் வாயே அவளுக்கு நாறியது.

வீட்டில், போய் வண்டியை எடுத்து வந்திருந்த மொக்கைச்சாமி டேங்க் மூட்டில் துணியைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தான். "சரியாப் போச்சு. நாளைக்கு ஓட்டு."

"ஓட்ட மாட்டேன்."

"நீ ஓட்டலைன்னா நான் ஓட்டுறேன். பெரிய இவ!"

செய்வான். துணி சுற்றிய டேங்க்கோடு ஒன்பது பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான். மறுநாள் விடிந்ததும், அவன் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வாசல் தெளித்துக்கொண்டிருந்த தங்கப்பொண்ணு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏய், எங்கடி கெளம்பிட்ட? வண்டிச் சாவி எங்க?" என்று உள்ளிருந்து கத்தினான் மொக்கைச்சாமி.

"ஆணியிலதான் தொங்குது. வண்டி ஒங்களுக்கு இருக்கும். பிள்ளைக இருக்காது. ஒன்பது வீட்டுக்கும் போயி, பஞ்சர் இல்ல, கேசுன்னு சொல்லிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு, முதலில் சமீனா வீட்டுப் பக்கமாக நடந்தாள்.