கோயிலுக்கும் கோபுரத்துக்கும் நடுவில்

பெரியப்பாவை நினைத்தால் முதலில் வருவது, அவர் கோயிலின் மேற்குச் சுவரில் காதை ஒட்டிவைத்து நிற்கும் தோற்றம். வெளியே ஆடிக் காற்று தேரி மணலை வாரி வாரிச் சுவரில் எறிந்துகொண்டிருக்கும். ஆராதனை முடிந்து எல்லோரும் தெற்கு வாசல் வழியாகக் கலைந்த பிறகு, ஆறேழு வயதுப் பிள்ளையான என்னையும் பக்கத்தில் இழுத்து நிறுத்துவார். சுண்ணாம்பின் குளிர்ச்சி கன்னத்தில் படும். "கேக்குதா மக்கா? மழை" என்பார். உண்மையாகவே மழைச் சத்தம்போலத்தான் இருக்கும். மழை அபூர்வமான ஊர் என்பதால் நானும் வெகுநாள் அதை நம்பினேன். ஆனால் போன வருட ஆடிக்குப் பிறகு அந்தக் காட்சி தனியாக வருவதில்லை. அதே சுவரில் மேலிருந்து கீழே இறங்கிய ஒரு வெளிச்சக் கோடும், அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்ற என் மகளும் கூடவே வந்துவிடுகிறார்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஆத்தூர் தாண்டினால் வெற்றிலைக் கொடிக்கால்களின் பச்சை முடிந்து, கொஞ்ச தூரத்தில் நிலம் சிவந்துவிடும். அதற்குப் பிறகு செம்மணலும் பனையும் உடைமரமும்தான். அந்தத் தேரிக்குள் இருக்கிறது என் அப்பாவின் ஊர். சுற்றுப்பட்டுக் கோயில்களெல்லாம் வேறு சபையைச் சேர்ந்தவை; எங்கள் ஊர் மட்டும் லுத்தரன். அதற்குப் பெரிய ஆன்மீகக் காரணம் எதுவும் இல்லை. பக்கத்து ஊர்க் கோயிலில் யார் முன்பாயில் உட்காருவது என்று வந்த சண்டையில் எங்கள் ஆட்கள் எழுந்து வந்துவிட்டார்கள் என்றும், தரங்கம்பாடிப் பக்கமிருந்து வந்த ஒரு ஜெர்மன் ஐயரை (போதகரை எங்களூரில் அப்படித்தான் சொல்வோம்) கூட்டிவந்து தனிச் சபை தொடங்கினார்கள் என்றும் சொல்வார்கள். அவர்கள் பீடத்தில் வெறும் சிலுவைதான்; எங்களுக்குச் சிலுவைநாதர் உண்டு, மெழுகுதிரி உண்டு. அதனால் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நாங்கள் 'மெழுகுதிரிக்காரங்க'. கோயிலைக் கட்டித் திறந்த நாளுக்கான எங்கள் பிரதிஷ்டைப் பண்டிகை காற்று உச்சத்தில் இருக்கும் ஆடியில் வரும். ஊர் கூடிச் சாப்பிடும் அசனத்துக்கு அவர்களும் வருவார்கள். வந்து சாப்பிட்டுவிட்டு, 'சோறு பாதி, மண்ணு பாதி' என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த ஐயர் தன் தேசத்துக் கோயிலைப்போலவே செங்குத்தான ஓட்டுக்கூரையோடுதான் முதலில் கட்டினாராம். முதல் ஆடியிலேயே ஓடுகளெல்லாம் பறந்து தேரிக்குள் போயின. இரண்டாம் முறை ஊரார் சொன்னபடி கட்டச் சம்மதித்தார். கடற்கரையிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்த கடற்பாறை. கருப்பட்டித் தண்ணீர் ஊற்றி அரைத்த சுண்ணாம்பு. ஒரு ஆள் கை நீட்டினால் அந்தப் பக்கத்தைத் தொட முடியாத கனத்தில் சுவர். காற்று முட்டாமல் வழுக்கிப் போகட்டும் என்று மூலைகளை உருட்டி விட்டார்கள். மேற்குச் சுவரில் ஒரு சன்னல்கூட வைக்கவில்லை. கூரை, சரிவே இல்லாத மட்டப்பா. கோபுரம் கிடையாது. மணியைத் தரையில் நட்ட இரண்டு பனந்தடிகளுக்கு நடுவில் தொங்கவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய வெள்ளை ஆமை மணலில் படுத்திருப்பதுபோலத் தெரியும். அந்தக் கட்டடம் ஆண்டுக்கு ஒன்றுதான் எங்களிடம் கேட்டது. காற்று ஓய்ந்த பிறகு ஆவணியில் ஒரு ஞாயிறு, வீட்டுக்கு ஒரு ஓலைப்பெட்டி மணல் சுமந்துவந்து கோயிலின் அடிச்சுவரைச் சுற்றிக் கொட்ட வேண்டும். காற்று அரித்துக்கொண்டு போனதைத் திருப்பிக் கொடுப்பது அது. அந்த வருடம் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் பேரில் தனித்தனிச் சிறு பெட்டிகள் வரும். என் பேரிலும் ஒன்று கொட்டியிருக்கிறார்கள்.

பெரியப்பாவுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. அலைத்தடுப்புச் சுவருக்குக் கல் இறக்கும் பிரிவில் மேற்பார்வையாளர். என்னை ஒருமுறை அங்கே கூட்டிப்போனார். லாரிகள் பின்னோக்கி வந்து, வீட்டு அறை அளவுப் பாறைகளைக் கடலுக்குள் சரித்துவிட்டுப் போயின. சரித்த பாறைகள் கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிவிட்டன. எனக்குப் பயமாக இருந்தது. அவர் சிரித்தார். "கல்லு எறங்குதேன்னு கவலப்படக் கூடாது மக்கா. மேல மேல கல்லப் போட்டுட்டே இருக்கணும். ஒருநாள் போதும்னு அதுவா நின்னுரும்." கடலையே நிற்க வைத்த மனிதர் என்று அன்று எனக்குத் தோன்றியது. ஊரிலும் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது.

பக்கத்து ஊரில் உயரமான கோபுரம் எழுந்தபோது எங்கள் ஊர்க்காரர்களால் பஸ்ஸில் போக முடியவில்லை. "உங்க கோயில் எங்கன இருக்கு? தேரிக்குள்ள பொதைஞ்சிட்டா?" என்று கேட்பார்கள். பைபிளில் வரும், மணல்மேல் வீடு கட்டிய புத்தியில்லாத மனுஷனைப் பற்றி எந்தக் கோயிலில் பிரசங்கம் நடந்தாலும், மறுநாள் எங்களைப் பார்த்து ஒருவர் கண்ணடிப்பார். நான் பள்ளிப் படிப்பை முடித்த கோடையில் பெரியப்பா கமிட்டியைக் கூட்டி, கோபுரம் கட்டுவது என்று முடிவெடுக்க வைத்தார். மணலில் கோபுரம் நிற்குமா என்று யாரோ கேட்டதற்கு, "கடலுக்குள்ளேயே நிக்க வச்சவன், காஞ்ச மண்ணுல நிக்க வைக்க மாட்டனா?" என்றார். கமிட்டி கையெழுத்துப் போட்டுவிட்டது.

சன்னலில்லாத மேற்குச் சுவரை உடைத்து வளைவு வாசல் வைத்தார்கள். அதையொட்டிக் கோபுரம் எழுந்தது. அதன் அடியைச் சுற்றித் துறைமுகத்தில் செய்வதுபோலவே பெரிய கருங்கற்களைக் கொட்டினார். இனி யாரும் மண் சுமக்க வேண்டாம், கல் போட்டாயிற்று என்று கோயிலில் அறிவித்தார். ஓலைப்பெட்டி சுமந்து தலை நொந்த பெண்கள் கைதட்டினார்கள்; நானும்தான் தட்டினேன். தண்ணீருக்குள் இறங்கும் கல் என்றாவது ஒருநாள் கெட்டித் தரையைத் தொட்டு நிற்கும். தேரியில் அப்படி இல்லை; காற்று கல்லில் முட்டி, சுழன்று, கல்லுக்கு அடியிலிருக்கும் மணலைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகும். கல் இறங்கும். இறங்கிய இடத்தில் அவர் இன்னும் பெரிய கல்லைப் போடுவார். காற்று இன்னும் வேகமாகச் சுழலும். முப்பது வருடம் இப்படியே போனது. ஒவ்வொரு கல்லும் கோபுரத்தைக் காப்பாற்றுகிறது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன வருடப் பண்டிகைக்கு நானும் மகளும் எங்கள் வீடிருக்கும் மாப்பிள்ளையூரணியிலிருந்து காலைப் பஸ்ஸில் போனோம். அவளுக்குப் பதினைந்து வயது. ஊருக்குப் போனால் கோபுரத்தில் ஏறி, தூரத்தில் நூல்போலத் தெரியும் கடலைப் பார்க்காமல் வரமாட்டாள். பிரசங்கத்தின் நடுவில், "ஏறிப் பாத்துட்டு வந்திருதேம்மா" என்று காதில் சொன்னாள். நான் முறைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால் பாயில் அவள் இடம் காலியாக இருந்தது. அந்த நேரத்தில்தான் பிரசங்க மேடையில் ஐயர் பேச்சை நிறுத்தினார். எங்கள் தலைகளுக்கு மேலே, பின்னால், எதையோ பார்த்தபடி நின்றார். எல்லோரும் திரும்பினோம். வளைவு வாசலுக்கு மேல் கோபுரமும் சுவரும் சேருமிடத்தில் கை அகலத்துக்கு வானம் தெரிந்தது. அந்த இடைவெளி வழியாகச் செம்மணல் மாவுபோல இறங்கிக்கொண்டிருந்தது.

கூட்டம் தெற்கு வாசலுக்கு ஓடியது. நான் கோபுரப் படிக்கதவுக்கு ஓடினேன். கதவு அசையவில்லை. கோபுரம் மேற்காகச் சாய்ந்ததில் நிலை கோணி, கதவை இறுக்கிப் பிடித்திருந்தது. உள்ளே அவள் தட்டுவது கேட்டது. பெரியப்பாவின் மகன், எங்கள் அண்ணன், கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். ஓங்கியும்விட்டான்.

"கதவத் தொடாத ஏலே!"

பெரியப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர் அவர். அந்தக் குரலை நான் துறைமுகத்தில் லாரிக்காரர்களிடம் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அந்த நிலைதான் இப்போது சுவரைச் சுமந்துகொண்டு நிற்கிறது, அதை உடைத்தால் மொத்தமும் உட்கார்ந்துவிடும் என்றார். கோபுரத்துக்கு மாற்றிய மணியின் ஓசை போவதற்காக மேலே கிழக்குப் பக்கம் ஒரு திறப்பு விட்டிருந்தது. அதிலிருந்து கீழே பார்த்தால் பழைய கோயிலின் மட்டப்பா. ஏணி வைத்து மட்டப்பாவில் ஏறு, பிள்ளையை அங்கே குதிக்கச் சொல்லு என்று அண்ணனை அனுப்பினார். அண்ணன் ஏறி நின்று கைகளை நீட்டினான். நான் கதவோடு வாயை வைத்து மேலே ஏறச் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். என் மகள் திறப்பில் தெரிந்தாள். கீழே, கோயிலுக்கும் கோபுரத்துக்கும் நடுவில் பிளந்திருந்த இடைவெளியை ஒருமுறை பார்த்தாள், சட்டென்று பின்வாங்கிவிட்டாள். நான் கத்தினேன். என் குரல் என் காதுக்கே கேட்கவில்லை. மேற்கிலிருந்து வந்த காற்று அதைப் பிடுங்கிக் கிழக்கே எறிந்தது. மேலே அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஆடுது, ஆடுது" என்று அழுவது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அவளுக்குக் கேட்க வேண்டுமானால் காற்று வரும் பக்கத்தில் நின்று பேச வேண்டும். அது கோபுரம் சாய்ந்திருந்த பக்கம். பெரியப்பா கம்பைக் கீழே போட்டுவிட்டு, அவர் கொட்டிய கற்களின் மேல் கைகளை ஊன்றி ஊன்றி அங்கே போனார். மேலேயிருந்து சாந்துக் கட்டிகள் அவரைச் சுற்றி விழுந்தன. நேராகக் கோபுரத்துக்கு அடியில் போய் நின்று, அண்ணாந்து, கைகளை வாயில் குவித்துக்கொண்டார்.

"மக்கா! தாத்தா பேசுதேன். இது நிக்காது. நான் கட்டினது நிக்காது. நீ பழைய கோயிலுக்குப் போயிரு. அது ஒன்னத் தாங்கும்."

தெற்கு வாசலில் நின்ற ஊர் முழுவதும் அதைக் கேட்டது. பண்டிகைக்கு வந்திருந்த பக்கத்து ஊர்க்காரர்களும் கேட்டார்கள். ஒருவரும் கண்ணடிக்கவில்லை. மறுபடியும் அதையே சொன்னார். குரல் உடையும்வரை சொன்னார். அவள் திறப்பில் காலை வைத்தாள். குதித்ததை நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிவிட்டேன். மட்டப்பாவில் தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது. அண்ணன், "பிடிச்சிட்டேன்" என்றான். நான் ஏணியை நோக்கி ஓடினேன். பெரியப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேர் போய் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கோபுரம் அன்று விழவில்லை. சாய்ந்தபடியே நின்றது. புரட்டாசியில் காற்று முழுக்க அடங்கிய பிறகு ஆள் வைத்து, மேலிருந்து கல் கல்லாக இறக்கினார்கள். அதற்கு முன் ஒருநாள் பெரியப்பா அண்ணனின் காரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவள் கணுக்காலில் இன்னும் கட்டு இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏளா, தாத்தா மேல கோவமா?"

"ஆமா. இனிமே எங்கன ஏறிக் கடல் பாக்குறதாம்?"

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்து, துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஒனக்கு?" என்றார். நான் அவர் மடியில் வளர்ந்தவள். அவருடைய மழையை நம்பியவள். அவர் அந்தக் கோபுரத்துக்கு அடியில் போய் நின்றதையும் பார்த்தவள். இத்தனையும் சேர்ந்தும் 'இல்லை' என்ற சொல் என் வாயில் வரவில்லை. "இன்னும் இருக்கு பெரியப்பா" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார். "சட்டுனு போயிரக் கூடாது அது."

மார்கழியில் அவர் போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு முன் பழைய கோயிலில் வைத்துத்தான் அடக்க ஆராதனை நடந்தது. நான் அழவில்லை. பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. கோபம் நின்றிருந்த இடத்தில் அழுகை நுழைய வழியில்லாமல் இருந்தது. இன்றும் மகள் டியூஷன் முடிந்து வர ஐந்து நிமிடம் தாமதமானால் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுகிறேன். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் சுவரும் கூரையும் சேரும் இடத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். கல்யாண மண்டபத்தில், பள்ளிக்கூடத்தில், நான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில், எல்லா இடத்திலும். அவளோ அந்த நாளைப் பற்றிப் பேசுவதே இல்லை. பேசாததும் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த வருடப் பண்டிகைக்கு நான் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவள்தான் பிடிவாதமாகக் கிளம்பினாள். மேற்குச் சுவரின் வளைவு வாசலைக் கடற்கல் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். பழைய பூச்சு மஞ்சளடித்துப்போய், புதியது மட்டும் வெள்ளைவெளேரென்று தனியாகத் தெரிந்தது. நான் தெற்கு வாசலை ஒட்டி, எழுந்தால் உடனே வெளியே போய்விடும்படி ஒரு இடம் பார்த்து உட்கார்ந்தேன். அவளுக்கும் இடம் விட்டிருந்தேன். அவள் என்னைத் தாண்டி நடந்தாள். கடைசி வரை போய், அந்தப் புதிய வெள்ளைக்கு நேர் கீழே பாயில் உட்கார்ந்து, முதுகை அதில் சாய்த்துக்கொண்டாள். கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் முதல் பாட்டுக்கு ஆர்மோனியம் தொடங்கிவிட்டது. எல்லோரும் எழுந்தார்கள். அந்தச் சந்தடியில் பெண்களின் வரிசைக்கு நடுவே புகுந்து, மன்னிப்புக் கேட்டுக் கேட்டுப் பின்னால் போனேன். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். பாட்டு முடிந்து உட்கார்ந்ததும், ஒரு கணம் தயங்கிவிட்டு, என் முதுகையும் அந்தச் சுவரில் சாய்த்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பெரியப்பாவுக்காகத்தான்.