பன்னீர்ச் செம்பு

வத்தேகம சாஹுல் ஹமீது ஹாஜியாரின் கார் டிரைவர் முனாபுக்குப் பன்னீர்ச் செம்பைக் கண்டால் பயம். காரணம் ஒரு பெட்டரி.

ஹாஜியார் மக்காவுக்குக் கப்பல் ஏறிய பிறகு கார் கொட்டிலிலேயே கிடந்தது. "ஊட்டு மனிசன் இல்லாத நேரம் கார் ரோட்டுல ஓடினா சனம் என்னா பேசும்?" என்று அவர் மனைவி றம்லத்து உம்மா தடுத்துவிட்டார். ஓடாத பெட்டரி சும்மா கிடந்தே செத்துப்போகும் என்று முனாப் சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை. வெள்ளிக்கு வெள்ளி எஞ்சினைக் கொஞ்ச நேரம் உறும விட்டு நிறுத்துவான். ஸ்டார்ட் பண்ணச் செலவான கரண்டு அந்தக் கொஞ்ச நேரத்தில் திரும்ப ஏறுமா? ஹாஜியார் வருகிறார் என்று தந்தி வந்த அன்று ஸ்டார்ட்டரை அழுத்தினால் ஒரு முனகல்கூட இல்லை.

பெட்டரியைச் சாக்கில் கட்டிக் கண்டிக்குத் தூக்கிப் போனான். அங்கே சார்ஜ் போடும் கணபதி திறந்து பார்த்தார்.

"தகடெல்லாம் வெள்ளை பூத்துப்போச்சு முனாப். புது அசிட் ஊத்தி மெதுவா சார்ஜ் ஏத்துவோம். பதறாதீங்க."

பெட்டரி உயிர் பிடித்தது. மிஞ்சிய அசிட்டையும் கணபதி கொடுத்தார். "சிந்திப்போனா மட்டும் ஊத்துங்க. வத்தினா மழைத்தண்ணி போதும்."

அதை வாங்க முனாப் கொண்டுபோயிருந்தது ஒரு காலிப் பன்னீர்ப் போத்தல். ஹாஜியார் வீடு மாதாமாதம் நபி புகழ் பாடி மௌலூது ஓதிப் பன்னீர் தெளிக்கிற வீடு. அங்கே போத்தல் என்றாலே ரோசாப்பூப் படம் ஒட்டியதுதான். அசிட்டோடு அதைக் கார்க் கொட்டிலில் வைத்தான்.

ஹாஜியாரை அழைத்துவரப் போன கண்டி ஸ்டேஷனில் கார் ஒரே அழுத்தில் எழும்பியது. "காரும் ஹஜ்ஜு செஞ்சிட்டு வந்த மாதிரி ஈக்கி" என்று ஹாஜியார் சிரித்தார். முனாபுக்கு மனசு குளிர்ந்தது.

அன்று வீட்டில் அஸர் தொழுகைக்குப் பின் மௌலூது ஓதி முடிந்தது. ஹாஜியாரின் மச்சினன் அஸீம் பன்னீர்ச் செம்போடு முனாப் நின்ற வாசலைத் தாண்டினார். வாசமே இல்லை.

"அஸீம் நானா, இது புதுப் பன்னீரா?" என்றான் முனாப்.

"கார்க் கொட்டில்ல ஒரு போத்தல் ஈந்திச்சு. உள்ளுக்கு ஈந்தது முடிஞ்சி."

முனாபுக்குக் கணபதி கொடுத்த அசிட் நினைவு வந்தது. அதற்குள் அஸீம் உள்ளே போய்ச் செம்பை உயர்த்தினார். ஹாஜியார் வழக்கம்போல் முகத்தை ஏந்தினார்.

எப்படிப் பாய்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. தட்டிவிட்ட செம்பு சுவரில் மோதியது. ஈரம் பட்ட இடமெல்லாம் சுண்ணாம்பு சீறி நுரைத்தது. அவன் மணிக்கட்டிலும் பட்டு எரிந்தது.

"அது அசிட்" என்றான்.

யாரோ தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் ஊற்றினார்கள். ஹாஜியார் நுரைத்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "மக்காவுல கஃபாவப் பாத்த கண்ணு முனாப்" என்றார். திட்டியிருந்தால்கூட முனாப் தாங்கியிருப்பான்.

அதற்குப் பிறகு பெட்டரி சாகாதிருக்கக் கார் வெள்ளிதோறும் கண்டிவரை போய்வந்தது. றம்லத்து உம்மாவே அனுப்பிவைத்தார். அசிட் கொட்டிலுக்குள் வரவேயில்லை.

அல்லாஹ் காத்த கண்கள் அவை. ஆனாலும் முனாபின் பயம் போகவில்லை. மகள் ஜெஸீமாவின் கல்யாணத்தில் பன்னீர் தெளிக்க வந்தவரை மறித்து, புறங்கையை நீட்டி முதல் சொட்டைத் தானே வாங்கினான். சுடவில்லை. அப்புறம்தான் வழி விட்டான்.