சிவப்பு வைத்த நட்டுகள்

மூன்று வருஷம் நான் எங்கள் வீட்டின் தபால்காரியாக வேலை பார்த்தேன். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. அப்பாவும் சித்தப்பாவும் பெங்களூர் அல்சூரில் ஒரே காம்பவுண்டில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்துகொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தார்கள். "தண்ணி வருதுன்னு உங்க சித்தப்பாகிட்ட சொல்லு" என்பார் அப்பா. சித்தப்பா மூன்றடி தள்ளித்தான் நிற்பார். நான் திரும்பி, "சித்தப்பா, தண்ணி வருதாம்" என்பேன். "சரின்னு சொல்லு" என்பார். நான் மறுபடி திரும்புவேன். எனக்கு அப்போது பத்து வயது. அண்ணன் தம்பி என்றாலே இப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

சண்டை அத்தையைப் பற்றியது. அத்தை அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டையும் தோல் வாரும் வைத்த காலிப்பரை மாட்டிக்கொண்டு, டக், டக் என்று நடப்பாள். கோலார் பக்கத்திலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. சித்தப்பா முடிக்கலாம் என்றார், அப்பா கூடாது என்றார். வார்த்தை தடித்தது. வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். பேச்சு அன்றோடு நின்றது. "என்னை ஒருத்தரும் கேக்கல, அண்ணி" என்று அத்தை அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அழுதுகொண்டு சொல்லவில்லை. காய்கறிக்காரர் கொத்தமல்லி போட மறந்துவிட்டார் என்பதைப் போலச் சொன்னாள்.

பிறகு ஒருநாள், கல்யாணம் வேண்டாம், கடல் பார்க்க வேண்டும் என்றாள். கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸிலோ ஜீப்பிலோ அவளால் படி ஏற முடியாது. யாராவது தூக்கி ஏற்றலாம் என்றால் அதற்கு அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள். முப்பத்திரண்டு வயதுப் பெண்ணை மூட்டை மாதிரித் தூக்கிப் போடுவதா என்று கேட்பாள். அதனால் ஆட்டோவில் போய்வந்த ஓசூரைத் தாண்டி அவள் எதையும் பார்த்ததில்லை.

சித்தப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். சிவாஜிநகர் பழைய இரும்புக் கடையில், ஒரு காலத்தில் கல்யாண வீடுகளுக்கு ஜெனரேட்டர் இழுத்துப்போன இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் மேல் பிளைவுட்டில் ஓர் அறை கட்டினார். தாழ்வான கட்டில், ஒரு ஜன்னல், ஸ்டவ் வைக்க ஒரு மேடை. பின்கதவைத் திறந்து இறக்கினால் அதுவே சாய்வுப் பலகை. யார் கையையும் பிடிக்காமல் அத்தை அதில் நடந்து ஏறலாம். சந்தில் அதை ஓடுற வீடு என்றார்கள். அப்பா ஒரு காண்ட்ராக்டரிடம் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். தசரா லீவுக்கு நாலு நாள் ஜீப்பைக் கேட்டு வாங்கினார். ஜீப்பின் கொக்கியும் டிரெய்லரின் வளையமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டுமே, அந்த அளவெல்லாம் என் வாய் வழியாகத்தான் போய் வந்தது. ஒருமுறை முக்கால் இஞ்சை அரை இஞ்ச் என்று சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்கினேன்.

தபால் போக எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சித்தப்பாவின் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். நட்டை முறுக்கி முடித்ததும் அதன் மேல் ஒரு துளி சிவப்புப் பெயிண்ட் வைப்பார்கள். சிவப்பு இல்லாத நட்டை யாரும் நம்பக்கூடாது, சிவப்பு இருந்தால் யாரும் மறுபடி தொடவேண்டியதில்லை. வீட்டிலும் சித்தப்பா அதையே செய்தார். அவர் முறுக்க முறுக்க, சின்ன டப்பாவில் தீக்குச்சியை முக்கி நான் பொட்டு வைத்துக்கொண்டே வருவேன். "செவப்பு இருந்தா முறுக்கியாச்சு. அவ்ளோதான் பாப்பா கணக்கு" என்பார். அப்பா ஜீப்பைத் துடைப்பதுபோல் நின்றுகொண்டு இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருப்பார்.

விஜயதசமி காலையில் கிளம்புவதாக ஏற்பாடு. முந்தின நாள் ஆயுத பூஜை. மத்தியானம் சித்தப்பா டிரெய்லரின் இரண்டு சக்கரங்களையும் கழற்றி, கிரீஸ் வைத்து, திரும்ப மாட்டினார். பத்து வீல் நட்டுகளையும் கையால் திருகிவிட்டு ஜாக்கியை இறக்கிவிட்டு, வீல் ஸ்பேனருக்காகத் திரும்பினால் ஸ்பேனரைக் காணோம். அது சுத்தியல், அரிவாள்மணை, என் கணக்குப் புத்தகம் இவற்றோடு சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு பூஜையில் உட்கார்ந்திருந்தது.

பூஜை விஷயத்தில் எங்கள் வீட்டில் அத்தை சொன்னதுதான் சட்டம். "பூஜையில வெச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது. காலைல கற்பூரம் காட்டின அப்புறம் எடு" என்றாள்.

சரி, காலையில் யார் முறுக்குவது? இதற்குத்தான் அன்று சாயங்காலம் என் கால் தேய்ந்தது. "காலைல வீல் நட்ட முறுக்கிடச் சொல்லு உங்கப்பாவ. இழுத்துட்டுப் போறது அவர் ஜீப்புதானே" என்றார் சித்தப்பா. "அவன் கட்டின வண்டி, அவனையே முறுக்கச் சொல்லு" என்றார் அப்பா. "ஓட்டறவங்கதான் வீலப் பாக்கணும்னு சொல்லு." "மாட்டினவன்தான் முறுக்கணும்னு சொல்லு." இப்படி நான்கு தடவை நடந்தேன். ஐந்தாவது தபாலை நான் கொண்டுபோகவில்லை. எனக்கு வேறு வேலை வந்துவிட்டது.

வண்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும் பொறுப்பு எனக்கு. ஜீப்புக்கு வைத்தேன், டிரெய்லர் கதவுக்கு வைத்தேன். சக்கரத்துக்கு வந்தபோது கிரீஸ் பிசுக்கில் குங்குமம் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு விழுந்தது. கடலுக்குப் போகிற வண்டி, சக்கரத்தில் பொட்டு இல்லாமல் போகலாமா? எனக்குச் சிவப்பு டப்பா ஞாபகம் வந்தது. பெயிண்ட் என்றால் கடல் வரைக்கும் நிற்கும். துணியால் துடைத்து, பத்து நட்டுக்கும் பத்துப் பொட்டு, அழகாக, வட்டமாக வைத்தேன். அவ்வளவு திருத்தமாக நான் பள்ளிக்கூடத்தில் ஒரு படம்கூட வரைந்ததில்லை.

விடியற்காலையில் அம்மா கற்பூரம் காட்டிவிட்டு, ஸ்பேனரைக் கொண்டுபோய் டிரெய்லரின் சாய்வுப் பலகையில் வைத்தாள். நான் வாசலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சித்தப்பா வந்தார். ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு சக்கரத்தின் முன்னால் குந்தினார். அப்படியே இருந்தார். குனிந்து அடுத்த சக்கரத்தையும் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, முகம் கழுவப் போனார். கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். அவரும் ஸ்பேனரை எடுத்தார், அவரும் குந்தினார், அவரும் எழுந்தார். ஸ்பேனரை ஜீப்பில் போட்டுவிட்டு உள்ளே போய் அம்மாவிடம், "அவனுக்கும் ஒரு காபி குடுத்தனுப்பு" என்றார். மூன்று வருஷத்தில் அப்படி ஒரு பார்சல் வந்ததில்லை. நான்தான் கொண்டுபோனேன்.

"யார் குடுத்தது?" என்றார் சித்தப்பா.

"அப்பா குடுக்கச் சொன்னார்."

நின்றபடியே குடித்தார். சூடு அதிகம், ஆற்றிக்கூடக் குடிக்கவில்லை. "நல்லா இருந்துச்சுன்னு சொல்லு" என்று டம்ளரைத் தந்தார். நானும் சொன்னேன்.

அப்பாவும் அம்மாவும் ஜீப்பின் முன்னால், சித்தப்பா பின்னால். நானும் அத்தையும் டிரெய்லருக்குள். ஏதாவது வேண்டுமென்றால் சொல்ல, ஜன்னல் வழியாக ஒரு கயிறு ஜீப் வரைக்கும் போயிற்று. அதன் நுனியில் பூஜை மணி. அத்தை யார் கையையும் பிடிக்காமல் பலகையில் ஏறி, கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பாமல் வந்தாள். ஓசூர் போனதும், "இதுக்கு மேல எல்லாமே எனக்குப் புதுசு" என்றாள்.

கொஞ்ச தூரத்தில் கிணுக், கிணுக் என்று ஒரு சத்தம் வந்தது. நான் டம்ளர் என்று நினைத்தேன். அத்தை நினைக்கவில்லை. குனிந்து தன் காலிப்பரைத் தொட்டுப் பார்த்தாள். அதன் திருகுகள் லூஸாகும்போது வரும் சத்தம் அவளுக்கு இருபது வருஷப் பழக்கம். காலிப்பர் சரியாகத்தான் இருந்தது. அவள் தரையில் உள்ளங்கையை வைத்தாள். இடது பக்கம் நகர்த்தி மறுபடி வைத்தாள்.

"நட்டு கழண்டிருக்கு. கயித்த இழு."

"அத்தை, டம்ளரு—"

"சும்னே பேசாத. இழு."

இழுத்தேன். லாரிச் சத்தத்தில் மணி கேட்டதோ இல்லையோ, ஜீப் போய்க்கொண்டே இருந்தது. அறை ஒரு பக்கமாக ஆட ஆரம்பித்தது. ஸ்டவ் மேடையிலிருந்து பாத்திரம் விழுந்தது. அத்தை என்னை இழுத்துக் கட்டிலோடு அணைத்துக்கொண்டு, தானும் சேர்ந்து கயிற்றை இழுத்தாள். இந்தத் தடவை மணி கேட்டது. அப்பா வண்டியை மெல்ல ஓரம் கட்டி, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார்.

இடது சக்கரத்தில் ஐந்து நட்டுக்கு இரண்டுதான் இருந்தது. அதில் ஒன்று நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் சக்கரம் தனியாகவும் அத்தை தனியாகவும் போயிருப்பார்கள்.

"நீ முறுக்கலையா?" என்றார் அப்பா.

நான் பழக்கத்தில் சித்தப்பா பக்கம் திரும்பிவிட்டேன். ஆனால் அப்பா என்னிடம் சொல்லவில்லை. நேராக அவரைப் பார்த்துக் கேட்டிருந்தார்.

"நீ முறுக்கிட்டேன்னு நெனச்சேண்ணா. செவப்பு இருந்துச்சே."

"அதப் பாத்துதான் நானும்..."

என் விரல் நகத்தில் இன்னும் சிவப்பு ஒட்டியிருந்தது. கையைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அப்போது மேலே கதவருகில் நின்றிருந்த அத்தை, "செவப்பு நான்தான் வெக்கச் சொன்னேன். குங்குமம் நிக்கல" என்றாள். என் பக்கம் பார்க்கவேயில்லை.

அடி விழும், குறைந்தது ஒரு கத்தலாவது இருக்கும் என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்பா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்தார். சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பி, புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற பயம் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அந்தப் பயமும் இருந்திருக்கும்தான்.

பிறகு ஜாக்கியைப் போட்டார்கள். வலது சக்கரத்திலிருந்து ஒரு நட்டைக் கழற்றினார்கள். டிரெய்லரின் அச்சு பழைய ஜீப்புடையது என்பதால் நட்டும் ஒன்றுதான். ஜீப்பின் பின்சக்கரத்திலிருந்து இன்னொன்று. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. "டேய், கைய எடு" என்றார் அப்பா. "இன்னும் ஒரு சுத்துண்ணா" என்றார் சித்தப்பா. கடைசி நட்டை முறுக்கியதும் சித்தப்பா வழக்கம்போல என் பக்கம் கையை நீட்டினார், சிவப்பு டப்பாவுக்காக. அப்பா தடுத்தார்.

"அது வேணாம். நீ ஒருவாட்டி பாரு, நான் ஒருவாட்டி பாக்கறேன்."

அதன்பிறகு வண்டி எங்கே நின்றாலும் இருவரும் இறங்கினார்கள். "பாத்தியா?" "பாத்தேன். நீ?" கிருஷ்ணகிரியில் புது நட்டு வாங்கிப் போட்ட பிறகும் இது நிற்கவில்லை. மகாபலிபுரம் வரைக்கும் இதே பேச்சுதான். எனக்கு வேலை போய்விட்டது. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அத்தை கடல் பார்த்தாள். காலிப்பரைக் கழற்றிவிட்டு, ஈரமணலில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து தண்ணீருக்குப் போனாள். சித்தப்பா ஓடிவந்து தூக்கப் பார்த்தபோது, "தொடாத" என்றாள். அலை இடுப்பு வரைக்கும் வந்து நனைத்துப் போயிற்று. திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, என்னால் அல்லவா இது இல்லாமல் போயிருக்கும் என்று அழுதேன். கண்ணில் உப்புத் தண்ணி பட்டிருக்கும் என்று அம்மா துடைத்துவிட்டாள்.

பல வருஷம் அந்தப் பத்துப் பொட்டும் எனக்குள் இருந்தன. வேலைக்குப் போன பிறகு, ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன். பெயிண்ட் வைத்தது என் புத்தி, அத்தை சொல்லி அல்ல என்று.

"தெரியுமே. உன் நகத்தப் பாத்தேன்" என்றார்.

"அப்புறம் ஏம்பா அடிக்கல?"

"ராத்திரி பூரா தூக்கம் இல்ல. சரி, நாமளே முறுக்கிடலாம், என்ன கெட்டுப் போச்சுன்னுதான் காலைல வந்தேன். பாத்தா செவப்பு இருக்கு. எனக்கு முன்னாடியே அவன் எறங்கி வந்துட்டான்னு நெனச்சேன். அன்னிக்குக் காலைல எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா பாப்பா?"

அப்போதுதான் எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்தார். அவரும் அன்று முறுக்கத்தான் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு குந்தினார். வாய் நிறைய பல்பொடியோடு நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு நடுவில் மூன்று வருஷம் ஓடி ஓடிச் செய்தி சொன்னவள், அந்த ஒரு செய்தியை மட்டும் சொல்லவில்லை. அது செய்தி என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.