நான் திருப்பிவிட்ட பக்கம்

செய்தி காலையிலேயே வந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை. கடை ஷட்டரைத் திறந்துவிட்டுப் பேப்பரைப் புரட்டினேன். பஸ் நிறுத்தம் அருகே ஓர் ஆண் சுட்டுக்கொல்லப்பட்டதாக நாலு வரி, கேள்விப்படாத ஒரு பெயர். பக்கத்தைத் திருப்பிவிட்டு, என்னோடு கடையில் தைக்கும் லொரெய்ன் இன்னும் வரவில்லையே என்று எரிச்சல்பட்டேன். நான் பத்து நிமிடம் பிந்தினால் முதலாளி ரஃபீக் பாய் கடிகாரத்தைப் பார்ப்பார். அவள் பிந்தினால் "பஸ் லேட்டா இருக்கும்" என்பார். மதியம் அவளுடைய தோழி ஒருத்தி அழுதுகொண்டே வந்து சொன்ன பிறகுதான், நான் திருப்பிவிட்ட பக்கத்தில் இருந்தது அவள் என்று புரிந்தது.

ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் தெருவில் எங்கள் துணிக்கடைக்கு வந்தவர்கள் யாரும் அவளை மறந்திருக்க மாட்டீர்கள். ஆறடி உயரம், கறுப்பினத் திருநங்கை, ரவிக்கை தைப்பதில் கெட்டிக்காரி. இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதானே மரியாதை, இவள் ஏன் 'அவள்' என்கிறாள் என்று உங்களுக்குத் தோன்றும். அதற்கு வருகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அவள்மேல் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை, வயிற்றெரிச்சல். கும்பகோணத்தில் முறையாகத் தையல் கற்று வந்தவள் நான். ஆனால் நம் ஆன்ட்டிகள் என் மெஷினைத் தாண்டிப் போய் அவளிடம்தான் அளவு கொடுப்பார்கள். "அவ தச்சா தோள்ல சுருக்கமே விழறதில்ல. நீ ஒண்ணும் நெனச்சுக்காதம்மா" என்று என்னிடமே சொல்வார்கள். நினைத்துக்கொண்டேன், ஐந்து வருடமும். போன வாரம் அவள் அடக்கத்தில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. நான் செத்தால் இத்தனை பேர் வருவார்களா என்று அங்கே நின்றுகொண்டும் கணக்குப் போட்ட மனசு இது.

ஒருநாள் லொரெய்னைத் தேடி வந்த வாடிக்கையாளர் ஒருவரிடம், "அவங்க சாப்பிடப் போயிருக்காங்க" என்றேன். பின்னாலேயே நின்றிருந்தாள். கடையில் இருந்து இருந்து நாலு தமிழ் வார்த்தை பிடித்துவைத்திருந்தாள். அவள் ஆங்கிலத்தில் கேட்டதை என் தமிழில் எழுதுகிறேன்.

"அவங்கன்னா ஷீயா, ஹீயா?"

"ரெண்டுக்கும் சொல்லலாம். மரியாதை."

உண்மையில் 'அவ' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உன் வயசுப் பொம்பளைங்களை எப்படிச் சொல்லுவ?"

"அவ."

"எனக்கும் அதையே குடு. மரியாதையை நீயே வச்சுக்கோ."

மதிய இடைவேளையில் கடை ஃபோன் அவள் கையில்தான் இருக்கும். அவளைப் போன்ற கறுப்பினத் திருநங்கை யாராவது கொல்லப்பட்டால், என்றோ விட்டுவிட்ட பழைய பெயரைப் போட்டு, ஆண் என்று பேப்பரில் எழுதிவிடுவார்கள். உடனே பேப்பர் ஆபீசைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்வாள். "இந்தப் பேரைப் பார்த்தா அவளைத் தெரிஞ்சவங்களுக்கே யாருன்னு தெரியாது. அப்புறம் யாரு வந்து சாட்சி சொல்லுவாங்க?" என்பாள். நான் ஊருக்கு இரண்டு நிமிடம் பேசினால் முகத்தைச் சுளிக்கும் ரஃபீக் பாய், அவள் பேசும்போது ரேடியோவைக் குறைப்பார். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் மெஷினை இப்போது எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் கைவாகு வரவில்லை, வரப்போவதும் இல்லை. ஃபோனுக்கு மேலே அவள் ஒட்டிவைத்த பேப்பர் ஆபீஸ் நம்பரை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். விஷயம் தெரிந்த அன்றே அதைப் பார்த்துக் கூப்பிட்டேன். இன்றைய செய்தியில் பெயர் தப்பு, அவள் பெண் என்றேன். எடுத்தவர் திருப்பிக் கேட்டார்.

"இதுக்கெல்லாம் வழக்கமா ஒரு லேடி கூப்பிடுவாங்களே, அவங்க இல்லையா?"

இங்கேயும் அவளைத்தான் தேடுகிறார்கள் என்று ஒரு கணம் சுருக்கென்றது. பிறகு சொன்னேன்.

"அந்த லேடியைத்தான் சார், இன்னைக்கு ஆம்பளைன்னு போட்டிருக்கீங்க."