பெண் பார்க்கப் போட்ட சோபா

எங்கள் மலையூர் அரவேணுவில் என் அம்மா வேலாமணியின் கடையைத் தெரியாத டிரைவர் கிடையாது. எஸ்டேட் பங்களாக்கள் கைமாறும்போது வெளியே வருகிற பழைய சோபாக்களையும் சாய்வு நாற்காலிகளையும் வாங்கி, பழுது பார்த்து, கோயம்புத்தூர், பெங்களூர்க்காரர்களுக்கு விற்பாள். புது அபார்ட்மென்ட்டில் பழைய சோபா போட்டால்தான் இப்போது கௌரவமாம். அப்பா செத்த பிறகு என்னைப் படிக்கவைத்து டீச்சராக்கியது அந்தக் கௌரவம்தான், நான் ஏன் குறை சொல்லப்போகிறேன்?

"மரத்த மட்டும் பாக்காதீங்க, உக்காந்து பாருங்க" என்பாள் வருகிறவர்களிடம். சோபாவில் ஒட்டுப் போட்ட கால் எது என்றும் அவளே காட்டிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் எனக்கு முப்பது நடக்கத் தொடங்கியதும் ஆடிப்போய்விட்டாள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகக் கோயம்புத்தூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், கடையிலிருந்த ஈட்டி மர சோபாவைத் தூக்கிவரச் சொல்லி எங்கள் வீட்டுக் கூடத்தில் போட்டாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தால் மரியாதை இல்லையாம். அங்கேதான் வந்தது வினை.

மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சோபாவின் கைப்பிடியைத் தடவித் தடவிப் பார்த்தார். "எந்த பங்களாவோடதுங்க? துணி அந்தக் காலத்துதுங்களா?" நான் காபித் தட்டோடு நின்றேன். மாப்பிள்ளை செல்போனில் சோபாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நகை நட்டெல்லாம் உங்க இஷ்டமுங்க" என்றார் அந்த அம்மாள். "பொண்ணோட இந்த சோபாவ மட்டும் அனுப்பிச்சிருங்க. எங்க புது ஊட்டு ஹாலுக்கு அளவெடுத்தாப்புல இருக்குது."

அம்மா கொடுத்துவிடுவாள் என்றே நினைத்தேன். இந்தச் சம்பந்தத்துக்காக அவள் வேண்டாத தெய்வமில்லை.

"ஏனுங்க, எம்புள்ள எந்தப் பள்ளிக்கோடத்துல வேலை பாக்குதுன்னு தெரியுமுங்களா?" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் மகனைப் பார்த்தார். மகன் செல்போனைப் பார்த்தார்.

"சோபா விக்கிற சாமானுங்க, வேணும்னா விலை சொல்றேன். பொண்ணு விசயத்த இத்தோட உட்டுருங்க."

"ஊட்டுக்கு வந்தவங்ககிட்டப் பேசற பேச்சாங்க இது?" என்று அந்த அம்மாள் துள்ளி எழுந்தார். எல்லோரும் விடுவிடுவென்று வாசலுக்குப் போனார்கள். அம்மா அசையவில்லை. எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வாசலில் குசுகுசுவென்று பேச்சு. பிறகு மாப்பிள்ளையின் அப்பா மட்டும் திரும்பி வந்து தலையைச் சொறிந்தார்.

"விலை எவ்வளவுங்க?"

மறுநாள் டெம்போ வந்தது. முழு விலையும் கொடுத்து, சோபாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.